ஓடு

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டினார் டாக்டர்.
இரண்டு எலும்புக்கு நடுவே
ஒரு விரற்கடை இருட்டு இருக்க வேண்டுமாம்.
இவருக்கு இல்லை.

முப்பத்தோரு வருஷம் மீட்டர் குறிக்க
டவுன் பூராவும் மாடி ஏறின கால்.
எந்த வீட்டில் எத்தனை படி என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார்.
வாகையடி முக்கு ஜவுளிக்கடை வீடு பத்தொன்பது,
அதில் மூணாவது ஆடும்.

எல்லாம் தின்று பார்த்தோம்.
பிரண்டைத் துவையல். முடக்கத்தான் தோசை.
பாலில் மஞ்சளும் நல்லமிளகும்.
சித்தா கடையில் ஒரு லேகியம்,
அது வயிற்றைத்தான் கலக்கியது, முட்டை விட்டுவிட்டது.
துபாயிலிருந்து மச்சினர் மகன் அனுப்பின
மீன் எண்ணெய் உருண்டைகள் மட்டும்
தங்கம் மாதிரி மின்னிக்கொண்டு
வாசலோடு திரும்பிப் போயின.
"நாலு தலைமுறையா முட்டை உடையாத அடுப்படி கோமு இது."

டாக்டர் எழுதினது வேறு.
"சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது.
மூணு மாசம் போட்டுப் பாருங்க.
அதுக்காவ நடக்காம இருந்திராதீங்க,
வயித்தையும் குறைங்க."

மருந்துக்கடைப் பிள்ளை பிரிஸ்கில்லா
டப்பாவை என் பக்கம் திருப்பிக் குரலைத் தாழ்த்தினாள்.
"நீங்க சைவம்லா ஆன்ட்டி?
மேல இருக்க உறை சைவந்தான்.
உள்ள உள்ளது
இறால் ஓட்டுல எடுக்கது."

பச்சைப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில்
குன்றிமணி அளவு பழுப்பு முக்கோணம்.
ஆட்டோ சந்திப்பிள்ளையார் முக்கைத் தாண்டுவதற்குள்
நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டேன்.
நகத்திடுக்கில் பழுப்பு இருந்தது.
வீட்டுக்கு வந்து இரண்டு தரம் கை கழுவினேன்.

அன்றிலிருந்து தினமும்
நெற்றியில் திருநீறு, நாக்கில் நமசிவாயம்,
தொண்டையில் இறால்.
அண்ணாந்து விழுங்குவார்.
நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்,
சொதி பொங்கிவிடும் என்கிற மாதிரி.

உவரியில் ஒருதரம் பார்த்திருக்கிறேன்.
மணலில் குமித்துக் கிடந்தது ஓடு,
கண்ணாடி வளையல் உடைத்துப் போட்டாற்போல.
அந்தச் சீவன் வளர வளர
பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போகுமாம்.
மனுசனுக்கு அந்த வசதி இல்லை.

இரண்டாம் மாசம் வீக்கம் வடிந்தது.
மாத்திரையா, மஞ்சளா,
விடிகாலை குறுக்குத்துறை வரை போய்வருகிற நடையா,
இரண்டு இட்லி குறைத்ததா,
யாருக்குத் தெரியும்.
"மஞ்சள்தான்" என்றார் இவர்.
நான் ஆமாம் போட்டேன்.
ஆனித் தேருக்கு வடம் தொட்டார்,
இழுக்கவில்லை, தொட்டார்,
சட்டையெல்லாம் மற்றவர்கள் வியர்வையோடு வந்தார்.

டப்பா தீர்ந்தது.
அடுத்ததை அவரே வாங்கி வருவதாகச் சொன்னபோது
எனக்கு முட்டை விட்டு நெஞ்சு வலித்தது.
கரண்ட் பில்லின் பின்பக்கத்தையே
பூதக்கண்ணாடி வைத்து வாசிக்கிற மனுசன்.

வந்தார். செருப்பைக் கழற்றினார்.
டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு
கால் நனைக்கப் போனார்.
எடுத்துத் திருப்பினேன்.

புது டப்பா.
அந்த மூலை மட்டும்
சுரண்டி வெள்ளையாக இருந்தது.

"விலை ஒட்டியிருந்தான், கிழிச்சேன்"
என்றார் குழாயடியிலிருந்து, நான் கேட்காமலே.

தண்ணீர் விழுகிற சத்தம் கொஞ்ச நேரம்.

என் இடது முட்டும் ஒரு வருஷமாய்
படி இறங்கும்போது நறநறக்கிறது,
யாரிடமும் சொல்லவில்லை.
ஒரு தம்ளர் வெந்நீரும்
இன்னொரு தம்ளர் வெந்நீரும்
எடுத்து வைத்தேன்.